மலை ஃப்ரீ, கேமரா கையில... பாட்டு யாருடையது? வேங்கிக்காலில் ஒரு டான்ஸ் ஃபிலிம் எடுக்கும் கணக்கு

கையில் போன் இருக்கு. ஆடத் தெரிந்த நாலைந்து ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. வேங்கிக்காலில் உயரமான ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால் பின்னாடி அண்ணாமலை மலை. அதுக்கு வாடகை கிடையாது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. போன் கேமராவை முழுசாக நம் கட்டுப்பாட்டில் வைக்க பிளாக்மேஜிக் கேமரா ஆப், அதுவும் இலவசம். ஷான் பேக்கர் 2015-ல் வெளியான 'டேஞ்சரின்' முழுப்படத்தையே ஐபோன் 5எஸ்-இல்தான் எடுத்தார். இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் அதைவிட நல்ல கேமரா இருக்கும்.

அப்புறம் ஏன் சின்ன ஊர்களில் எடுக்கும் டான்ஸ் வீடியோக்களில் பல, எடுத்தவர்களுக்கே சொந்தமில்லாமல் போகின்றன? இரண்டு மாசம் ரிகர்சல் பண்ணி, காசு போட்டு, வெயிலில் நின்று எடுத்த வீடியோவுக்கு யூடியூபில் ஏற்றிய அடுத்த நிமிஷமே 'காப்பிரைட் க்ளெய்ம்' வருகிறது. விளம்பரப் பணம் வேறு யாருக்கோ போகிறது. விழாவுக்கு அனுப்பினால் 'இசை அனுமதிக் கடிதம் எங்கே?' என்று மெயில் வருகிறது. சிக்கல் முழுக்க பாட்டில்தான்.

ஒரு பாட்டு, மூணு உரிமை

ஒரு சினிமா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் விழுவது ஒன்றுதான். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி அதில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. வரிக்கும் மெட்டுக்கும் ஆயுள், அதை உருவாக்கியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை 2012 திருத்தம் இன்னும் உறுதியாக்கியது.

'நோ காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட் இன்டென்டட்' என்று டிஸ்கிரிப்ஷனில் போட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கு. அந்த வரிக்கு சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. கிரெடிட் போடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது. பாட்டை நாமே திரும்பப் பாடி எடுத்தால்? ஒலிப்பதிவு உரிமை என்ற ஒரு தலைவலிதான் தீரும். வரியும் மெட்டும் அப்படியே நிற்கும்.

பெரிய படங்களே இதில் மாட்டுகின்றன. 'குணா' பாடலைப் பயன்படுத்தியதற்காக 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். வேங்கிக்கால் குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் வரப்போவதில்லை. யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' என்ற மென்பொருளே வேலையை முடித்துவிடும். பாட்டைக் கண்டுபிடித்ததும் உரிமையாளர் முன் மூன்று வழிகள்: வீடியோவை முடக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சும்மா கணக்கு மட்டும் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அதாவது, நீங்கள் செலவு பண்ணி ஒரு ஆடியோ நிறுவனத்துக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்ஸ்டா ரீல்ஸில் அவங்க லைப்ரரி பாட்டையே போடலாமே என்றால், ஜாலிக்கு என்றால் சரி. பிசினஸ் அக்கவுன்ட்டுக்கு அந்த லைப்ரரியில் பெரும்பாலான பாட்டுகள் கிடைக்காது. நாளைக்கு லோக்கல் ஜவுளிக்கடை ஒன்று ஸ்பான்சர் பண்ண வந்தால், அங்கேயே கதை முடிந்தது.

ஒரே இயக்குநர், இரண்டு வீடியோ

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2015 ஜூலையில் 'கொடைக்கானல் வோன்ட்' வந்தது. சோஃபியா அஷ்ரஃப் ராப், இயக்கம் ரதீந்திரன் பிரசாத். 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பற்றிய பாட்டு. மெட்டு நிக்கி மினாஜின் 'அனகோண்டா'வுடையது. வீடியோ சில நாட்களில் உலகம் சுற்றியது. நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. இந்த வெற்றியை ஒரு வீடியோவின் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது. தொழிலாளர்கள் அதற்கு முன் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். ஆனால் ஒரு மூன்று நிமிட சமாச்சாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அது காட்டியது.

அங்கே மெட்டைக் கடன் வாங்கியதில் ஒரு தர்க்கம் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் ஏறினால் செய்தி வேகமாகப் போகும். பிரசாரத்துக்கு அது சரி. பகடிக்கென்று இந்தியச் சட்டத்தில் தனி விலக்கு எழுதப்படவில்லை. விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு என்று வாதாடத்தான் முடியும். நண்பரின் பிறந்தநாள் டான்ஸ் வீடியோவுக்கு அந்த வாதமும் கிடையாது.

அதே ரதீந்திரன் 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்கு பாடல்' எடுத்தார். இந்த முறை வரிகள் கபேர் வாசுகி எழுதியவை, மெட்டு ஆர்.கே.ஸ்ரீராம்குமார் அமைத்தது, குரல் டி.எம்.கிருஷ்ணா. எடுத்த இடம் எண்ணூர் கழிமுகம். கச்சேரி மேடை இல்லை, செட் இல்லை. பின்னால் அனல்மின் நிலையம், பாடகர் முகத்தில் மாஸ்க். இந்த வீடியோவில் லொகேஷன்தான் பாதி வேலையைச் செய்கிறது. அந்த இடத்தை விட்டு வேறு எங்கே எடுத்திருந்தாலும் அது சாதாரண கர்நாடக சங்கீத வீடியோதான். சொந்த வரி, சொந்த மெட்டு, அந்த மண்ணை விட்டால் எடுக்கவே முடியாத காட்சி: குறைந்த பட்ஜெட்டில் ஒருவர் வாங்கக்கூடிய மூன்று விலையுயர்ந்த பொருட்கள் இவைதான்.

அருணகிரிநாதர் க்ளெய்ம் போடமாட்டார்

சொந்தப் பாட்டு என்றால் உடனே பயம் வருகிறது: 'எங்க குரூப்ல மியூசிக் டைரக்டர் யாரும் இல்லையே?' இசைக்கு ஒருவரைப் பிடித்துவிடலாம். வரிக்கு ஊருக்குள்ளேயே ஆள் இருக்கார். 15-ஆம் நூற்றாண்டுக்காரர். அருணகிரிநாதர் திருவண்ணாமலையில் பிறந்தவர் என்பது மரபு. கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினார் என்ற கதை இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். திருப்புகழின் சந்தம் ஒரு டான்ஸருக்குக் கிடைத்த புதையல். வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் மாறி மாறி விழும் விதத்திலேயே தாளம் இருக்கிறது. தனியாக பீட் போட வேண்டிய அவசியம்கூட இல்லாத பாடல்கள் உண்டு. காப்புரிமை? கிடையாது.

ஒரு எச்சரிக்கை. வரிதான் இலவசம். கேசட்டில், யூடியூபில் கேட்கும் ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்துடையதாக இருக்கும். இன்று பாடப்படும் மெட்டுகளில் பலவும் பிற்காலத்தில் அமைக்கப்பட்டவை. அவற்றுக்கும் உரிமையாளர் இருக்கலாம். எனவே வரியை எடுத்து, மெட்டைப் புதிதாகப் போட்டு, புதிதாகப் பாடிப் பதிவு செய்ய வேண்டும். பக்திப் பாடலுக்குக் குத்து பீட் போட்டால் ஊரில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், அதுக்கும் பதில் யோசித்து வைப்பது நல்லது.

பக்தி வேண்டாம் என்றால் பாரதி இருக்கிறார். இறந்தது 1921-ல். 1949-லேயே சென்னை மாகாண அரசு அவர் படைப்புகளின் உரிமையை வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது.

டான்ஸை ஷூட் பண்ணுவது வேறு, டான்ஸ் ஃபிலிம் வேறு

மேடையில் ஆடுவதை அப்படியே எடுத்தால் அது பதிவு. கேமரா இல்லாவிட்டால் அந்த நடனமே சாத்தியமில்லை என்றால், அது டான்ஸ் ஃபிலிம். இந்த வித்தியாசத்தை 1945-லேயே அமெரிக்காவில் மாயா டெரன் காட்டிவிட்டார். டாலி பீட்டி என்ற ஒரே ஒரு டான்ஸர், கையில் ஒரு சின்ன 16 எம்.எம். கேமரா, சில நிமிடங்கள், சவுண்டுகூட கிடையாது. காட்டில் அவர் காலைத் தூக்குகிறார். அடுத்த ஷாட்டில் அந்தக் கால் ஒரு வீட்டு அறைக்குள் இறங்குகிறது. நடனம் நிற்கவில்லை, இடம் மட்டும் மாறுகிறது. 'எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா' என்ற அந்தப் படத்தைச் சினிமா மாணவர்கள் இன்னும் பார்க்கிறார்கள். வேங்கிக்கால் ஏரிக்கரையில் தூக்கிய காலை மொட்டை மாடியில் இறக்க எவ்வளவு செலவாகும்? ஒரே டான்ஸர், ஒரே உடை, இரண்டு ஷாட்டிலும் கால் ஒரே உயரம். செலவு பூஜ்ஜியம், ரிகர்சல்தான் ஜாஸ்தி.

நம்ம பக்கமும் இதற்குப் பெரிய வரலாறு உண்டு. உதய் சங்கரின் 'கல்பனா' 1948-ல் வந்த முழுநீள நடனப்படம்; எடுக்கப்பட்டது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். வசூலில் தோற்றது. ஆனால் மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அமைப்பு அதை மீட்டெடுத்து 2012-ல் கான் விழாவில் திரையிட்டது. 1976-ல் சத்யஜித் ரே, பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' எடுத்தார். தமிழ்நாடு அரசும் மும்பையின் என்.சி.பி.ஏ.வும் பணம் கொடுத்த, அரை மணி நேரம் ஓடும் ஆவணப்படம். அதில் 58 வயது பாலசரஸ்வதி கடற்கரையில் நின்று அபிநயம் பிடிக்கிறார். பின்னால் அலை, சேலையை விடாத காற்று. அடவை அங்கே சரியாகப் பார்க்க முடிகிறதா என்று நடனக்காரர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். வெளிப்புறத்தில் எடுக்கிறவர் எல்லோருக்கும் அந்தக் கேள்வி உண்டு: காற்றை நடனத்தில் சேர்த்துக்கொள்வதா, காற்றில்லாத நேரத்துக்குக் காத்திருப்பதா?

கேமராவை வைத்துக்கொண்டு நிறைய பேர் செய்யும் தப்பு, அளவுக்கு மீறி வெட்டுவது. ஃப்ரெட் அஸ்டெய்ர் தன் படங்களில் தலை முதல் கால் வரை முழு உடலும் ஃபிரேமில் இருக்க வேண்டும், வெட்டு குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். ஆடத் தெரிந்தவர் இருந்தால் அவர் காலைக் காட்டுங்கள். ஆடத் தெரியாதபோது மட்டும்தான் ஒரு செகண்டுக்கு மூணு கட் தேவைப்படும்.

செகண்டில் ஆறில் ஒரு பங்கு

மியூசிக் வீடியோக்களில் ஆட்டம் லேசாக மிதப்பது போலத் தெரியும், வாயசைப்பு மட்டும் சரியாக இருக்கும். அந்த ட்ரிக் போனிலேயே நடக்கும். செகண்டுக்கு 30 ஃபிரேமில் எடுங்கள். ஷூட்டிங்கில் பாட்டை 1.2 மடங்கு வேகத்தில் ஓட விட்டு, அந்த வேகத்துக்கு ஆடச் சொல்லுங்கள். எடிட்டில் 25 ஃபிரேமாக ஓட்டினால் படம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். பாட்டு இயல்பான வேகத்தில் சரியாகப் பொருந்தும். இரண்டு மடங்குக்கும் போகலாம், ஆனால் அந்த வேகத்துக்கு ஆடுபவர்கள் இருக்கணும்.

ராத்திரியில் டியூப்லைட், தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கும். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் பண்ணாமல் எடுத்தால், வெள்ளை வேட்டி ஃபிரேமுக்குள் வரும்போதெல்லாம் மலை இருட்டாகும். ஸ்பீக்கர் ஆடுபவர்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 10 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் காதில் விழும்.

மலை ஃப்ரீதான், ஆனா...

வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் மலை மேற்குப் பக்கமாக இருக்கிறது. காலையில் வெயில் நேராக மலையின் முகத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய், ஆடுபவரும் மலையும் கறுப்பு உருவங்களாக மாறுவார்கள். இரண்டுமே அழகு. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை எடுப்பது வீண். பௌர்ணமி அன்று ஷூட்டிங் வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம், வேலூர் ரோட்டில் வண்டி நகராது.

கோயிலுக்குள் வாய்ப்பில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படப்பிடிப்புக்கு அறநிலையத் துறை அனுமதி வேண்டும். மலை மேல் ஏறி எடுப்பதும் விளையாட்டு இல்லை. அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி தேவை. 2024 டிசம்பர் 1-ம் தேதி வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்த மலை அது. ட்ரோன் 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் லைசென்ஸ் வேண்டாம் என்கின்றன 2021 ட்ரோன் விதிகள். அதற்காகக் கோபுரத்துக்கு மேலே பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. பொது இடத்தில் அனுமதி பற்றி விசாரிக்க வெளியூர் போக வேண்டாம். கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலிலேயே இருக்கு.

அனுமதியைவிட அதிகம் மறக்கப்படுவது ஒன்று உண்டு: பெண் டான்ஸர்கள் உடை மாற்ற அறை, கழிப்பறை. ஏரிக்கரையில் இரண்டும் கிடையாது. பக்கத்தில் ஒரு வீட்டைப் பேசி வைக்காமல் ஷூட்டிங் தேதி குறிப்பது, பட்ஜெட் பிரச்சினை இல்லை, அக்கறையின்மை. சித்திரை வெயிலில் சூடேறிய பாறையில் வெறுங்காலோடு ஆடச் சொல்வதும் அப்படித்தான்.

கூத்துக்காரரைக் கூப்பிடும் முன்

தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை, செய்யாறு பக்கம், இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணப்ப தம்பிரான் பரம்பரையை உலகம் அறியும். பெரிய மேளம் அடிப்பவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அதனால் 'ஒரு ஃபோக் டச்' வேணும் என்று கிரீடம் கட்டிய கலைஞரை 20 செகண்ட் ஃபிரேமில் நிறுத்தும் ஆசை எல்லா வீடியோக்காரர்களுக்கும் வருகிறது. விடிய விடிய ஆடுபவரை அலங்காரப் பொருளாக்குவது கொஞ்சம் சங்கடமான விஷயம். அவர் அடவிலிருந்து நடனத்தை எழுதினால் கதை வேறு. ஆனால் அதற்கு அவரோடு நாலு நாள் உட்காரணும். பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்து சீசன், அப்போது கூப்பிட்டால் வரமாட்டார்கள். வந்தாலும் ஒரு ராத்திரி வருமானத்தை விட்டுவிட்டு வருகிறார் என்பதைச் சம்பளத்தில் காட்டணும்.

சட்டத்திலும் அவருக்கு இடம் உண்டு. ஒரு கலைஞரின் நிகழ்த்துதலை அவர் சம்மதமின்றிப் பதிவு செய்யக்கூடாது. இந்த 'நிகழ்த்துநர் உரிமை'க்கு 50 ஆண்டு ஆயுள். நடன அமைப்பும், எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருந்தால், நாடகப் படைப்பாகக் காப்புரிமைக்குள் வரும். டான்ஸ் மாஸ்டர் 'என் ஸ்டெப்பு' என்று சொல்வது வெறும் கோபம் இல்லை.

30 ஆயிரம் கையில் இருந்தால்

ஒரு கணக்குக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இதில் பாதி, லென்ஸ் வாடகைக்கும் கிம்பலுக்கும் போய்விடும், ஆடுபவர்களுக்குப் பிரியாணி. தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஆறு டான்ஸர்களுக்கு ஆளுக்கு 2,000 வீதம் 12,000. பாட்டு அமைத்துப் பதிவு செய்பவருக்கு 8,000. சாப்பாடு, ஆட்டோ 4,000. உடை 3,000. மிச்சம் 3,000 ஹார்ட் டிஸ்க், எதிர்பாராத செலவு. கேமரா, கையில் இருக்கும் போன்தான். 2,000 பெரிய சம்பளம் இல்லை. ஆனால் சம்பளம் வாங்கியவர் இரண்டாவது நாளும் நேரத்துக்கு வருவார்.

இந்தப் பணம் யூடியூபிலிருந்து திரும்ப வருமா? விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாசத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். நாலு நிமிட வீடியோவை 60,000 பேர் முழுசாகப் பார்த்தால்தான் 4,000 மணி நேரம். பாதியில் போய்விட்டால் 1,20,000 பேர். ஷார்ட்ஸ் வழியாக என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை. ஆக, ஒரே வீடியோவில் போட்ட காசை எடுப்பது நடக்காத கதை. சொந்தப் பாட்டாக இருந்தால், அதே வீடியோவை நியூயார்க்கில் 1971 முதல் நடக்கும் 'டான்ஸ் ஆன் கேமரா' போன்ற விழாக்களுக்கு அனுப்பலாம், பாட்டைத் தனியாக ஸ்பாட்டிஃபையில் ஏற்றலாம், அடுத்த வேலை கேட்கும்போது முழுசாக 'எங்களுடையது' என்று காட்டலாம்.

ஏற்றுவதற்கு முன் ஒரு பக்கம்

சொந்தப் பாட்டு என்றாலே பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி', சினிமாவுக்கு வெளியே வந்து பல கோடி முறை பார்க்கப்பட்ட தமிழ்ப் பாட்டு. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன், இயக்கம் அமித் கிருஷ்ணன். அடுத்த ஆண்டே யாருக்கு எவ்வளவு கிரெடிட் என்ற விவாதம் வெளியில் வெடித்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டார். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இப்படி என்றால், வாட்ஸ்அப் குரூப்பில் 'பாத்துக்கலாம் மச்சி' என்று பேசி ஆரம்பிக்கும் குழுவுக்கு?

ஒரு ஏ4 தாள் போதும், வக்கீல் கட்டாயமில்லை. வரி யார், மெட்டு யார், பாடியவர் யார், நடன அமைப்பு யார், இயக்கம் யார், ஒவ்வொருவருக்கும் வருமானத்தில் எத்தனை சதவீதம். ஆடியவர்கள் வாங்கிய தொகை, தேதி, கையெழுத்து. பின்னால் ஒரு கம்பெனி பாட்டை வாங்க வந்தால் யாரெல்லாம் சம்மதிக்க வேண்டும். கடைசியாக, யாரும் எழுதாத ஒன்று: சேனல் எந்த மெயில் ஐடியில் இருக்கிறது, பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும், ரெக்கவரிக்குக் கொடுத்திருக்கும் போன் நம்பர் யாருடையது.